வட்ஸ்அப் குழுவில் கோடிங் பிரச்சினை தீருற விதத்தை ஆய்வு செய்யிறது: எதை எண்ணுறது, எதை விடுறது?

உப்புவெளி_சங்கு (இழையைத் தொடங்கியவர்)

ஃபைனல் இயர் ஆய்வுத் தலைப்பு: திருகோணமலையில மென்பொருள் படிக்கிற, வேலை செய்யிற ஆக்கள் ஒரு பிரச்சினையை எப்படிச் சேர்ந்து தீர்க்கிறாங்க, தீர்த்ததை மற்றவங்களுக்கு எப்படிக் குடுக்கிறாங்க.

கையில இருக்கிற தரவு இரண்டு வட்ஸ்அப் குழுவின்ர எக்ஸ்போர்ட் (மெசேஜ் எல்லாத்தையும் ஃபைலா எடுத்தது), ஆறு கிட்ஹப் ரெப்போ (கோடும் அதில செய்த மாற்றங்களும் சேமிச்சிருக்கிற இடம்). திட்டம் இது: கூட மெசேஜ் போட்டவர் நிபுணர் எண்டு எடுக்கிறது. யாருக்கு யார் பதில் சொன்னாங்க எண்டு வலைப்படம் கீறுறது. கேள்விக்கும் பதிலுக்கும் இடையில போன நேரத்தின்ர சராசரி எடுத்து, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ எண்ட கோடிங் கேள்வி-பதில் தளத்தோட ஒப்பிடுறது.

எங்க எங்க உடையும்? புரொபோசல் குடுக்க மூண்டு கிழமை இருக்கு.

தாங்கி_99

தங்கச்சி, மூன்றும் உடையும். முதலாவது உடனே உடையும்.

கூட மெசேஜ் போடுபவர் பெரும்பாலும் அட்மின், அல்லது லெக்சர் நேரம் சொல்பவர். விசயம் தெரிந்தவர் மூன்று சொல்லில் பதில் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஆகவே மெசேஜை அலகாக எடுக்க வேண்டாம். ஒரு பிரச்சினை தொடங்கி முடிகிற வரைக்கும் உள்ள துண்டுதான் அலகு. அதை "சம்பவம்" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதின மாதிரி ஒன்று பாருங்கள். உண்மைக் குழுவில் இருந்து எடுத்ததல்ல.

9:14 அ: (படம்)
9:14 அ: மைஎஸ்கியூஎல் ஸ்டார்ட் ஆகுது இல்ல
9:20 ஆ: போர்ட் பார்
9:21 இ: நாளைக்கு லெக்சர் எத்தனைக்கு
9:22 ஆ: 3306ஐ வேற ஏதோ பிடிச்சிருக்கு
9:23 ஈ: 8
9:31 அ: எங்க பாக்கிறது
9:33 ஆ: (குரல்)
9:58 அ: வந்திட்டுது, தேங்ஸ்
அடுத்த நாள் 7:40 உ: எனக்கும் இதே எரர், என்ன செய்தனீங்க?

பத்து வரி. 9:21உம் 9:23உம் வேறு கதை, வெட்டிவிடலாம். 3306 என்பது மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் வழக்கமாகப் பாவிக்கிற போர்ட் (இணைப்பு வாயில்) எண். மிச்சம் எட்டில் 9:33தான் உயிர், அது குரல் பதிவு. நெட்ஸ்டாட் கட்டளை போட்டு எந்தப் புரோகிராம் 3306ஐப் பிடித்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னாரா, கட்டமைப்புக் கோப்பில் போர்ட்டை 3307 ஆக்கச் சொன்னாரா? மீடியா இல்லாமல் எடுத்த எக்ஸ்போர்ட்டில் அந்த வரியில் "மீடியா விடப்பட்டது" என்று மட்டும் இருக்கும்.

இப்போது 7:40ஐப் பாருங்கள். உ முந்தின நாள் குழுவில் இருந்தவர்தான். மேலே உருட்டிப் பார்த்தாலும் "வந்திட்டுது" மட்டும்தான் கண்ணில் படும். அ-வின் பிரச்சினை தீர்ந்தது, ஆனால் குழுவுக்கு எதுவும் தங்கவில்லை. உங்கள் தலைப்பிலேயே இரண்டு கேள்வி இருக்கிறது: தீர்ந்ததா, தங்கியதா. இரண்டுக்கும் அட்டவணையில் தனித்தனி நிரல் போடாவிட்டால் இந்தச் சம்பவம் "44 நிமிடத்தில் வெற்றி" என்று பதிவாகும். உ-வைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்.

கிண்ணியா_படகு

தாங்கி சொன்னது சரி. ஆனா அதுக்கு முதல் எக்ஸ்போர்ட் ஃபைல் என்ன மாதிரி எண்டு பாக்கணும். நேரடியாப் பைத்தனில போட்டா உடையிற இடங்கள்:

மீடியா இல்லாம எடுத்தா கடைசி 40,000 மெசேஜ்தான் வரும், மீடியாவோட எண்டா 10,000. பழைய குழு எண்டா முன்பக்கம் வெட்டுப்பட்டிருக்கும். குழு தொடங்கின திகதியும் ஃபைலின்ர முதல் திகதியும் ஒண்டா எண்டு பாருங்க.

எக்ஸ்போர்ட் எடுத்த போனின்ர அமைப்பைப் பொறுத்துத் திகதி மாறும். ஒரு போன் நாள்-மாதம் போடும், மற்றது மாதம்-நாள். 12ஆம் திகதிக்குள்ள வாற எல்லாம் பிழையா வாசிச்சும் எரர் வராது. 13இல இருந்துதான் கத்தும். ஐபோன் எக்ஸ்போர்ட்டில கண்ணுக்குத் தெரியாத திசைக்குறி ஒண்டு வரி தொடக்கத்தில ஒட்டிக்கொண்டு வரும், நேரத்துக்கும் ஏ.எம்., பி.எம். எண்டதுக்கும் இடையில சாதாரண இடைவெளி இல்லாம ஒடுக்கமான இடைவெளி ஒண்டு வரும். ரெகெக்ஸ் (வரியைப் பிரிக்கக் குடுக்கிற எழுத்து மாதிரி) பொருந்தாம அந்த வரி முந்தின மெசேஜோட ஒட்டுப்படும். பிரிச்ச பிறகு ஆகப் பெரிய 20 மெசேஜை எடுத்துக் கண்ணால பாருங்க. கோட் ஒட்டினதா, பத்து மெசேஜ் சேர்ந்து போனதா எண்டு அதில விளங்கும்.

ரிப்ளை அழுத்திப் போட்ட பதில் எதுக்குப் போட்டது எண்டது டெக்ஸ்ட் ஃபைலில இல்ல. விருப்பக்குறியும் இல்ல. கனபேர் "சரி வந்திட்டுது" எண்டதைக் கட்டைவிரலாலதான் சொல்றாங்க.

சொல் தேடுறதெண்டா இன்னும் கரைச்சல். "எரர்", "எறர்", "பிழை", இதையே ஆங்கில எழுத்தில தமிழ், இடையில சிங்களம். நன்றிக்கு "தேங்ஸ்", "டாங்ஸ்", "ஸ்துதி", நல்லா வந்தா "எலகிரி". "நன்றி" மட்டும் தேடினா நம்ம ஊர்க் குழுவில பாதிக்கு மேல விடுபடும். தமிழிலயே 'ொ' ஒரே குறியாவும் வரும், 'ெ'யும் 'ா'வும் சேர்ந்தும் வரும். பார்க்க ஒண்டு, தேடும்போது இரண்டு. முதல் வேலையா எல்லாத்தையும் என்.எஃப்.சி. (ஒரே எழுத்தை ஒரே மாதிரிக் குறிக்கிற யூனிகோட்) வடிவத்துக்கு மாத்துங்க.

உப்புவெளி_சங்கு

ரிப்ளை விவரமே இல்லையெண்டா வலைப்படம் கீறவே ஏலாதா, நானா?

மூதூர்_முனை

ஏலும். ஆனால் கையால்.

நேர இடைவெளியை வைத்துப் பிரிக்கலாம் என்று கன பேர் நினைப்பார்கள், 30 நிமிடம் மௌனம் என்றால் புதுச் சம்பவம் என்று. தாங்கியின் மாதிரியிலேயே அது தோற்கும்: லெக்சர் கதை நடுவில் வருகிறது, உ அடுத்த நாள் வருகிறார். ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் மெசேஜ் எண், எந்த மெசேஜுக்குப் பதில், சம்பவ எண், பங்கு என்று நாலு நிரல் போடுங்கள். பங்கு என்பது கேள்வி, விளக்கம் கேட்டல், ஊகம், வழி, சோதித்த முடிவு, நன்றி, புறம்பு. ஏழுக்கு மேல் போனால் இரண்டு பேர் ஒத்துப்போக மாட்டீர்கள். தெரிந்தெடுத்த சம்பவங்களுக்கு மட்டும், போனில் குழுவைத் திறந்து ரிப்ளை இணைப்பைப் பார்த்து நிரப்பலாம்.

அத்தனை மெசேஜையும் குறிக்க வேண்டியதில்லை. கிழமைகளைக் குலுக்கி எடுங்கள், மெசேஜைக் குலுக்காதீர்கள். மெசேஜைக் குலுக்கினால் சம்பவம் நடுவில் அறும். பரீட்சைக் கிழமை, அசைன்மென்ட் கெடு, விடுமுறை மூன்றிலும் வர வேண்டும்.

அடுத்தது நேரம். சராசரி எடுக்க வேண்டாம். ஒரு கேள்விக்கு மூன்று நாள் கழித்துப் பதில் வந்தால் சராசரி அங்கே இழுபடும். இடையம் எடுங்கள், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. 40 சம்பவம், 26 தீர்ந்தது என்று வைப்போம். தீர்ந்த 26இன் இடையம் 13ஆவதுக்கும் 14ஆவதுக்கும் நடுவில் நிற்கும். தீராத 14ஐயும் சேர்த்தால் பாதி தீர்ந்த இடம் 20ஆவதில் வரும். 13ஆவது அரை மணித்தியாலத்தில் தீர்ந்து, 20ஆவது இரண்டு மணித்தியாலத்தில் தீர்ந்திருந்தால் அறிக்கையில் எந்த எண் வரும்? தீராததை வீசிவிட்டுக் கணக்கிட்டால் தீராதது கூடக் கூடக் குழு வேகமானது போலத் தெரியும். இதற்குத்தான் கப்லான்–மையர் வளையி: தீராததையும் கணக்கில் வைத்து, நேரம் போகப் போக எத்தனை மிச்சம் என்று காட்டுவது. ஆர் மொழியிலும் பைத்தனிலும் தயாராகவே கிடைக்கிறது.

தாங்கி_99

முனை, ஒரு இடத்தில் ஒத்துவர மாட்டேன். வலைப்படம் கீறி நடுவில் நிற்பவரைக் கண்டுபிடித்து என்ன செய்வது? பதினைந்து சம்பவத்தை எடுத்து, 48 மணித்தியாலத்துக்குள் சம்பந்தப்பட்டவரிடம் அந்த மெசேஜையே காட்டி, "இந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள், குழுவுக்கு வெளியே யாரிடம் கேட்டீர்கள்" என்று விசாரித்தால் அதைவிடக் கூட விளங்கும். கிழமை கழிந்தால் ஆட்கள் நடந்ததைச் சொல்ல மாட்டார்கள், நடந்திருக்க வேண்டியதைச் சொல்வார்கள்.

இப்போது குழுவில் கேட்க முதல் சட்ஜிபிடியிடம் கேட்டுவிட்டு வருகிறார்கள். பதில் சொல்பவரும் அங்கிருந்து ஒட்டுகிறார். மெசேஜில் அது தெரியாது, விசாரித்தால்தான் வரும். நேர்காணல் தாளில் அதற்கு ஒரு கேள்வி கட்டாயம்.

மூதூர்_முனை

விசாரணை வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் எந்தப் பதினைந்து என்று தெரிந்தெடுக்க எண்கள் வேண்டும். வேகமாகத் தீர்ந்ததில் ஐந்து, இழுபட்டதில் ஐந்து, யாருமே பதில் போடாததில் ஐந்து. கடைசி ஐந்தை விட்டுவிட்டால் உதவி கிடைத்தவர்களிடம் மட்டும் உதவியைப் பற்றிக் கேட்டதாக முடியும்.

தாங்கி_99

அந்தக் கடைசி ஐந்துக்குச் சரி. வலைப்படத்துக்கு இன்னும் இல்லை.

உவர்மலை_ஓரம்

கிட்ஹப் பக்கத்தை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ரெப்போவில் யார் எத்தனை கொமிட் (கோடில் செய்த மாற்றத்தின் பதிவு) என்று எண்ண முதல், பெயரும் மின்னஞ்சலும் சேர்த்து கிட் ஷார்ட்லாக் கட்டளையைப் போட்டு, ஆள்வாரியான பட்டியலைப் பாருங்கள். ஒரே ஆள் மூன்று மின்னஞ்சலில் நிற்பார். அதை மெயில்மேப் கோப்பு எழுதிச் சேர்க்கலாம். திரும்பின பக்கம்தான் கஷ்டம்: லாப் கணினியில் யாரோ ஒருவர் தன் பெயரைப் பொது அமைப்பில் போட்டுவிட்டுப் போனால், பிறகு அந்த மேசையில் இருந்த எல்லாருடைய கொமிட்டும் அவர் பெயரில் போகும். இதற்கு மெயில்மேப் உதவாது. ஆட்களைக் கேட்டு, அந்த நாட்களைத் தனியாகக் குறிக்க வேண்டும். நாலு பேர் ஒரு லப்டொப்பைச் சுற்றி இருந்து செய்த வேலையும் ஒருவர் பெயரில்தான் கிடக்கும். ஸிப் ஆக்கிப் பென்டிரைவில் குடுத்தது எங்கேயும் கிடக்காது.

வரிகளை எண்ண வேண்டாம். ஒருவர் தெரியாமல் நோட்-மொடியூல்ஸ் கோப்புறையை (மற்றவர்கள் எழுதின கோட் கிடப்பது) தள்ளிவிட்டால் அவர்தான் வகுப்பிலேயே பெரிய புரோகிராமர். ஒவ்வொரு கொமிட்டிலும் இரண்டு நேரம் இருக்கிறது, எழுதினவருடையது ஒன்று, பதிந்தவருடையது ஒன்று. ரீபேஸ் செய்தால் (கொமிட்களை வேறு அடியில் திரும்பப் பதிந்தால்) இரண்டாவது மாறும், ஸ்குவாஷ் செய்து (சுருக்கி) மேர்ஜ் பண்ணினால் இருபது கொமிட் ஒன்றாகும். ஸ்குவாஷ் பாவிக்கிற ரெப்போவையும் பாவிக்காத ரெப்போவையும் ஒரே அட்டவணையில் போடக்கூடாது.

கிட்ஹப்பின் ஏ.பி.ஐ. (புரோகிராம் மூலம் தரவு கேட்கும் வழி) வழியாக எடுத்தால் டோக்கன் (அடையாளச் சாவி) இல்லாமல் மணிக்கு 60 கோரிக்கை, டோக்கனோடு 5,000. ஒரு பக்கத்துக்கு ஆகக் கூடியது 100. இஷ்யூ (பிரச்சினைக் குறிப்பு) பட்டியலைக் கேட்டால் புல் ரிக்குவெஸ்டும் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) சேர்ந்து வரும், அதற்குரிய புலம் இருக்கிறதா என்று பார்த்துப் பிரியுங்கள். இல்லாவிட்டால் "எங்கள் மாணவர்கள் நிறைய இஷ்யூ எழுதுகிறார்கள்" என்று ஒரு அத்தியாயமே எழுதிவிடுவீர்கள்.

உப்புவெளி_சங்கு

சரி அக்கா, ஷார்ட்லாக் போட்டுப் பாக்கிறன். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஒப்பீடு? 11 நிமிசம் எண்ட கணக்கு எல்லாப் பேப்பரிலயும் வருது.

உவர்மலை_ஓரம்

அது 2011இல் சீ.எச்.ஐ. என்ற மனித-கணினி ஊடாட்ட மாநாட்டில் வந்த ஆய்வு. 92 சதவீதத்துக்கு மேற்பட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது, இடைய நேரம் 11 நிமிடம். தளம் 2008இல் தொடங்கி ஆட்கள் குவிந்துகொண்டிருந்த காலத்துக் கணக்கு. 2022 கடைசியில் சட்ஜிபிடி வந்த பிறகு அங்கே கேள்விகளே நன்றாகக் குறைந்துவிட்டன. அந்த எண்ணை இன்றைய உங்கள் குழுவுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது.

புதிதாக எடுக்கலாம். தளம் தன் பொதுப் பதிவுகளைத் தொகுப்பாகவே வெளியிடுகிறது. போஸ்ட் கோப்பில் வகை 1 கேள்வி, 2 பதில். பதில் எந்தக் கேள்விக்கு என்பது பேரன்ட் எண்ணில் இருக்கும். கேட்டவர் ஒரு பதிலை ஏற்றுக்கொண்டது வாக்குக் கோப்பில்தான் பதிவாகும், அதில் நாள் மட்டும்தான், மணி இல்லை. ஆகவே "பதில் வந்து எத்தனை நிமிடத்தில் ஏற்றுக்கொண்டார்" என்று அதில் எடுக்க ஏலாது. ஏற்றுக்கொள்ளாததால் தீரவில்லை என்றும் எழுத வேண்டாம், கன பேர் பதிலை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள்.

பெரிய ஓட்டை வேறு. அழிக்கப்பட்டவை அந்தத் தரவில் இல்லை. பதிலே இல்லாமல் எதிர் வாக்கில் கிடக்கிற கேள்வியைத் தளம் 30 நாளில் தானாக அழிக்கும். புள்ளி பூச்சியத்தில், பார்வையும் கருத்தும் மிகக் குறைவாக, பதில் இல்லாமல் கிடப்பதை 365 நாளில் அழிக்கும். ஆகவே பழைய ஆண்டுகளைப் பார்த்தால் பதில் கிடைக்காத கேள்வி உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். உங்கள் வட்ஸ்அப்பில் பதில் இல்லாத கேள்வி அப்படியே கிடக்கிறது. ஒரு பக்கம் கூட்டித் துடைத்த வீடு, மற்றப் பக்கம் கூட்டாத வீடு.

மொழியும் இருக்கிறது. அந்தத் தளம் ஆங்கிலம், ஸ்பானியம், போர்த்துக்கீசம், ரஷ்யம், ஜப்பானியத்தில் உண்டு, தமிழில் இல்லை. வேகத்தை ஒப்பிடாமல், எந்த மாதிரிப் பிரச்சினை குழுவுக்குப் போகிறது, எது அங்கே போகிறது என்று பாருங்கள். 3306 அங்கே எத்தனையோ தரம் பதில் சொல்லப்பட்ட விசயம். பிறகு ஏன் குழுவில் கேட்டார்? அங்கேதான் ஆய்வு இருக்கிறது.

கிண்ணியா_படகு

குறிக்கிறதைப் பற்றி ஒண்டு. நீங்களும் இன்னொருத்தரும் தனித்தனியா 100 சம்பவம் குறிச்சு, "76 சதவீதம் ஒத்துப்போச்சு" எண்டு எழுதினா பரீட்சகர் விடமாட்டார்.

கணக்கு இப்படி. இரண்டு பேரும் "தீர்ந்தது" எண்டது 62. இரண்டு பேரும் "தீரேல்ல" எண்டது 14. நீங்க மட்டும் தீர்ந்தது எண்டது 16, மற்றவர் மட்டும் 8. ஒத்தது 0.76. நீங்க மொத்தம் 78 தரம் தீர்ந்தது எண்டிருக்கிறீங்க, அவர் 70. கண்ணை மூடிக்கொண்டு குறிச்சாலும் ஒத்துப்போகக் கூடியது 0.78 × 0.70 + 0.22 × 0.30 = 0.612. தற்செயல் ஒப்பைக் கழிச்ச அளவு, அதாவது கொஹென் கப்பா, (0.76 − 0.612) ÷ (1 − 0.612) = 0.38. லாண்டிஸ், கொக் 1977இல போட்ட அளவுகோலில 0.61க்கு மேலதான் நல்லது, 0.38 சுமார்.

கப்பா குறைஞ்சா மற்றவரை உங்கட பக்கம் இழுக்க வேண்டாம். வேறுபட்ட 24ஐயும் எடுத்து வையுங்க. அநேகமா எல்லாம் ஒரே இடத்தில முட்டும்: கேட்டவர் "சரி பாக்கிறன்" எண்டு சொல்லிட்டு வராமப் போன சம்பவம். அதைத் தீர்ந்தது எண்டா, தெரியாது எண்டா? மூண்டாவதா "முடிவு தெரியாது" எண்ட வகையைப் போட்டு, விதியை எழுதி, புதுசா 50 சம்பவத்தில திரும்பப் பாருங்க. பழைய 100லயே திரும்பப் பார்த்தா கூடத்தான் வரும், ஆனா அது ஏமாத்து.

மூதூர்_முனை

ஒப்புதல் பற்றி யாரும் எழுதவில்லை. அட்மின் சம்மதித்தார் என்பது குழு சம்மதித்ததாகாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கம்பஸ் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் வேண்டும், அதைத் தரவு தொட முதல் எடுக்க வேண்டும். உங்களிடம் எக்ஸ்போர்ட் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்கிறீர்கள். அனுமதி வரும்வரை திறக்க வேண்டாம். சம்மதிக்காதவரின் மெசேஜை நீக்கி, அந்த இடத்தில் "நீக்கியது" என்று வையுங்கள், இல்லாவிட்டால் சம்பவம் நடுவில் பொருந்தாமல் நிற்கும்.

பெயரை மறைத்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். இது சின்ன ஊர். "தம்பலகாமத்தில் இருந்து வருகிற, லரவல் புரோகிராமிங் தெரிந்த மூன்றாம் வருடப் பெண்" என்று எழுதினால் குழுவில் எல்லாருக்கும் ஆள் தெரியும். மேற்கோளை அப்படியே போடாமல் கருத்தை மட்டும் எழுதுங்கள். எக்ஸ்போர்ட்டில் தொலைபேசி எண், ஒட்டின கடவுச்சொல், ஏ.பி.ஐ. சாவி எல்லாம் இருக்கும். பிரதி எடுக்க முதல் அதைத் துடையுங்கள்.

தாங்கி_99

அனுமதி தாமதமானால் மாற்று ஒன்று: சஹானா. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் தொண்டர்கள் சேர்ந்து எழுதின பேரிடர் முகாமைத்துவ மென்பொருள். கிண்ணியாவும் மூதூரும் அடிபட்ட நாட்களில் காணாமற்போனவர், முகாம், நிவாரணப் பொருள் என்று பதிவதற்குத் தொடங்கியது. பிறகு லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனில் திறந்த மூலமாக வளர்ந்து, 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பாவித்தார்கள். 2006இல் ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனின் சமூகநல விருதும் கிடைத்தது. பொதுவில் நடந்த வேலை, நம் கரையைப் பற்றினது.

பழைய தரவுக்குப் பழைய பொறிகள். தொடக்கம் சி.வி.எஸ்.இல், அது கிட்டுக்கு முந்தின பதிப்பு மேலாண்மை மென்பொருள். அதில் கொமிட் என்று முழுசாக ஒன்று இல்லை, கோப்புக் கோப்பாகத்தான் பதிவு. ஒரே ஆள், ஒரே குறிப்பு, 200 செக்கனுக்குள் அடுத்தடுத்து வந்ததை ஒன்றாக்குவதுதான் 2004 முதல் வழக்கத்தில் உள்ள முறை. நேரத்தையும் பாருங்கள். 1996 ஒக்டோபர் தொடக்கம் 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரை இலங்கை நேரம் +6:00, அதன் பிறகுதான் +5:30. "இரவிலா பகலிலா வேலை செய்தார்கள்" என்று பார்த்தால் அரை மணித்தியாலம் பிசகும். நேர வலயத்தை ஆசியா/கொழும்பு என்று குடுத்தால் நிரலகமே பார்த்துக்கொள்ளும், கையால் 5:30 கூட்டினால்தான் பிழை.

உப்புவெளி_சங்கு

தலைப்பைத் "தீர்ந்ததா, தங்கியதா" எண்டு மாத்தி, வலைப்படத்தை வெட்டிட்டன். முனை அண்ணா மன்னிக்கணும். எக்ஸ்போர்ட்டைத் திறக்காம வச்சிருக்கிறன். ஒரு சந்தேகம்: குரல் பதிவை விட்டுட்டா பாதி போகுமே, எடுத்து எழுதுறதா?

கிண்ணியா_படகு

சம்மதிச்ச ஆக்களின்ரயை மட்டும், தெரிந்தெடுத்த சம்பவத்துக்கு மட்டும். மீடியாவோட எக்ஸ்போர்ட் எடுத்தா குரல் எல்லாம் ஓபஸ் ஃபைலா வரும், பேரிலயே திகதி இருக்கும், அண்ட்ராய்ட் போனில எடுத்தா மணி இருக்காது. ஒரே நாளில பல பதிவு எண்டா வரிசை எண்ணை வச்சு டெக்ஸ்டோட பொருத்தணும். போனில இருந்து அழிச்சது, டவுன்லோட் பண்ணாதது வராது. அதனால எக்ஸ்போர்ட் எடுக்க முதல் அந்தச் சம்பவங்களைத் திறந்து ஒவ்வொண்டையும் அழுத்தி இறக்குங்க.

தானா எழுதுற மென்பொருளை நம்பி விடாதீங்க. "3306"ஐயும் "மை டொட் இனி"யையும் (மைஎஸ்கியூஎல்லின்ர கட்டமைப்புக் கோப்பு) நம்ம பேச்சுத் தமிழுக்க வச்சு அது என்ன எழுதும் எண்டு ஒண்டைப் போட்டுப் பாருங்க, விளங்கும். ஒரு நிமிசக் குரலைக் கையால எழுதக் குறைஞ்சது அஞ்சாறு நிமிசம் எண்டு அட்டவணையில வையுங்க.

மூதூர்_முனை

வலைப்படத்தை வெட்டினதில் கோபம் இல்லை. "பதில் எந்த மெசேஜுக்கு" என்ற நிரலை மட்டும் வெட்ட வேண்டாம். அது இல்லாமல் தங்கியதா என்று பார்க்கவும் ஏலாது.

தாங்கி_99

அது சரி.